ரிப்பன் வாங்கியவள்

ஜூலை 2, செவ்வாய்

அக்கா, இந்த அகாலத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். நைட் டியூட்டி முடித்து வந்து இதைப் படிக்கும்போது என் கையெழுத்து உன் கண்ணைக் கெடுக்கும். என்ன செய்ய, பாத்திரம் கழுவி, மாவைக் கரைத்து மூடி வைத்து, சுடர் தூங்கிய பிறகுதான் எனக்கு மேஜை கிடைக்கிறது.

போனில் பேசினால் என்ன என்பாய். எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டு ஓனர் கட்டில். அவர் இருமுவது எனக்குக் கேட்கிறது என்றால் நான் பேசுவது அவருக்குக் கேட்காதா? நடப்பதைத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். பக்கங்கள் சேர்ந்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

பயப்படும்படி ஒன்றும் இல்லை. வீடு நல்ல வீடு. வேலாயுதம் அண்ணாச்சி வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். அவர் சம்சாரம் பகவதியை மதினி என்றுதான் கூப்பிடுகிறேன். அவர்களுடைய மகன் சரவணன் பத்தாவது. சுடர் படிக்கும் அதே அரசுப் பள்ளி.

இந்த வீடு கிடைத்த கதையை உனக்குச் சொல்லவில்லை. இதற்கு முன் பார்த்த வீடுகளில் எல்லாம் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார்கள். இவர் மறைக்காமல் சொன்னார். "பொறவு சொல்லி அனுப்புதோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இங்கே அண்ணாச்சி அப்படிக் கேட்கவில்லை. ஊர் கேட்டார், மாயவரம் பக்கம் என்றோம். குலசாமி கேட்டார், அய்யனார் என்றோம். இவருடைய மீசையையும் மின்வாரிய அடையாள அட்டையையும் பார்த்தார். "அப்ப நம்ம ஆளுகதான்" என்று அவராகவே முடிவு செய்து சாவியைக் கொடுத்தார். இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார். அதில் பொய் எதுவும் இல்லைதானே?

இன்று மதினி சாளை மீன் குழம்பு கொடுத்தார். நல்ல ருசி.

ஜூலை 4, வியாழன்

பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். கூட்டத்துக்கு வந்த அம்மாக்களில் எம்.எஸ்ஸி. படித்தவள் நான் ஒருத்தி, அவ்வளவுதான் தகுதி.

தலைமையாசிரியை ஹெலன் டீச்சர் நாகர்கோவில்காரர். எங்களைப் போலவே ஜூனில்தான் இந்த ஊருக்கு வந்திருக்கிறார். வந்த முதல் வாரமே பையன்கள் கையில் கட்டியிருந்த சாதிக் கயிறுகளை எல்லாம் அறுத்துப் போடச் சொல்லிவிட்டாராம். நான் பார்க்கும்போது கயிறுகள் இல்லை. கயிறு இருந்த இடத்தில் தோல் மட்டும் வெளுத்துக் கிடந்தது. பிரேயரில் வரிசையாக நிற்கிற பையன்களின் மணிக்கட்டுகளைப் பார்த்தால் என்னவோ போல் இருக்கிறது.

"கயிறு போச்சு, கூட்டம் போகலியே தாமரை. மதியம் பாருங்க. வேப்பமரத்தடியில ஒரு தெரு சாப்பிடுது, தண்ணித் தொட்டிகிட்ட இன்னொரு தெரு சாப்பிடுது" என்றார்.

பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி ஐந்து குழுவாகப் பிரிக்கப் போகிறார். விளையாட்டு, தோட்டம், சாப்பாடு எல்லாம் இனிக் குழுவோடுதான். பெயர் என்ன வைக்கலாம் என்று என்னைக் கேட்டார். வேம்பு, புன்னை, வாகை, மருது, பூவரசு என்றேன். சந்தோஷப்பட்டார். படித்த தாவரவியல் இத்தனை வருஷம் கழித்து ஒரு காரியத்துக்கு ஆயிற்று. குழுவுக்கு ஒரு நிறமாகச் சட்டையில் குத்திக்கொள்ள ரிப்பன் வேண்டுமாம். நான் வாங்கித் தருகிறேன் என்று நானே வாய் கொடுத்தேன்.

ஜூலை 5, வெள்ளி

ரிப்பன் வாங்கியாயிற்று. பஜாரில் உள்ள ஃபேன்சி கடையில் ஒற்றை நிறத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை மட்டும்தான் இருந்தது. மீதி இரண்டுக்கும் கடைக்காரர் இரட்டை நிற உருளைகள் கொடுத்தார். ஒன்று ஊதாவும் வெள்ளையும், இன்னொன்று ஆரஞ்சும் நீலமும். "கோயில் கொடைக்கு வந்ததுல மிச்சம்க்கா" என்றார். இங்கே திருவிழாவைக் கொடை என்பார்கள். எதற்கு என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு, பிள்ளைகள் சட்டையில் குத்த என்றேன்.

"பள்ளிக்கூடத்துக்கா! குத்துங்க, குத்துங்க" என்று சிரித்தார்.

சாயங்காலம் நானும் சுடரும் உட்கார்ந்து வெட்டி, பின் குத்தி, குழு வாரியாகக் கவரில் போட்டோம். தன் வகுப்புத் தோழி மாரிக்கனியும் இருந்தால் இன்னும் சீக்கிரம் முடியும் என்றாள் சுடர். கூப்பிடவா என்று கேட்டாள். மாரிக்கனி வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். வேண்டாம், இருட்டிவிடும் என்றேன். வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது. சுடர் அதைப் பார்த்தாள்.

ஜூலை 8, திங்கள்

வரிசையாகச் சொல்கிறேன்.

காலையில் வகுப்புகளில் சீட்டு எடுத்து, ரிப்பனைக் குத்திக்கொண்டு பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள். நான் ஹெலன் டீச்சர் பக்கத்தில் பெருமையாக நின்றேன். வழக்கமாகப் பிரேயர் என்றால் சந்தைக்கடை. இன்று சத்தமே இல்லை. ஒருவர் நெஞ்சை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சில ஆசிரியர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டிரில் மாஸ்டர் மட்டும் மெதுவாக டீச்சரிடம் வந்து, "மேடம், இந்தக் கலரை யாரு எடுத்தா?" என்றார்.

ஊதா வெள்ளை, அண்ணாச்சி தெருக்காரர்களின் கோயில் கொடி. ஆரஞ்சு நீலம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கொடி. டீச்சர் அறுத்துப் போடச் சொன்ன கயிறுகளும் இதே நிறங்கள்தானாம். கையிலிருந்து எடுத்ததை நான் நெஞ்சில் குத்திவிட்டிருக்கிறேன். அதுவும் சீட்டுக் குலுக்கியதில் மாற்றி மாற்றி. மாரிக்கனி நெஞ்சில் ஊதா வெள்ளை. அண்ணாச்சி மகன் சரவணன் நெஞ்சில் ஆரஞ்சு நீலம்.

டீச்சர் மைக்கை எடுப்பதற்குள் சரவணன் தன் ரிப்பனைப் பிய்த்துக் கீழே போட்டு மிதித்தான். "ஏலே, எங்க கொடியவா மிதிக்க?" என்று வரிசைக்குள்ளிருந்து ஒருவன் பாய்ந்தான். மாரிக்கனியின் அண்ணன் அருள், பன்னிரண்டாவது. சரவணனுக்கு உதடு கிழிந்துவிட்டது. ஆசிரியர்கள் பிரித்துவிட்டார்கள். எல்லா ரிப்பனையும் கழற்றி வாளியில் போடச் சொன்னார் டீச்சர். மத்தியானமே பள்ளியை விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மதினி ஓடி வந்தார். "ஏளா தாமரை, எம்புள்ள சட்டையில அவனுவ கலரக் குத்திருக்காளே அந்த டீச்சர்! இவளுக்கு நல்ல சாவு வருமா?"

ரிப்பன் வாங்கியது யார் என்று மதினிக்குத் தெரியாது. நான் சரவணன் உதட்டுக்கு ஐஸ் எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

நேற்றுச் சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் அருளை மடக்கி அடித்திருக்கிறார்கள். கை முறிந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் இருக்கிறான்.

அடித்தவர்களில் இந்தத் தெரு ஆட்களும் உண்டு என்கிறார்கள். காலையில் பால் வாங்கும்போது எல்லாரும் எப்போதும் போலத்தான் இருந்தார்கள்.

ஜூலை 10, புதன்

பள்ளி திறந்தது. பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். மாரிக்கனி வரவில்லை. சுடரை நானே கொண்டுபோய் விட்டு, நானே கூட்டி வந்தேன். அவளுக்கு அவமானம். "நான் என்ன எல்கேஜியாம்மா?" என்கிறாள்.

சாயங்காலம் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். இவர் டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று வெளியே போயிருந்தார். தனியாகத்தான் போனேன். அண்ணாச்சிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கடைக்காரர் சொல்லிவிட்டார்.

"ரிப்பன் வாங்குனது நீங்கதானாம்லா?"

கதவருகிலேயே நின்றேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

"எதுக்கு இப்படி வெறைக்கீய? உக்காருங்க. நீங்க வெளியூரு, நம்ம கலரு உங்களுக்கு எப்படித் தெரியும்? நம்ம புள்ள தெரியாமச் செஞ்சத நாமளே பெருசாக்க முடியுமா? வெள்ளிக்கிழம தாசில்தார் அமைதிக் கூட்டம் போடுதாரு. அங்க ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. இந்தக் கலர்தான் வேணும்னு டீச்சர் சொன்னாவன்னு. மத்தத நான் பாத்துக்கிடுதேன். அந்தம்மாவ மாத்திட்டா ஊரு அடங்கிரும்."

"டீச்சர் அப்படிச் சொல்லலியே அண்ணாச்சி."

"சொன்னா என்ன, சொல்லாட்டா என்ன? இல்லன்னா ஊருக்காரன் உங்களத் தோண்டுவான். யாரு, எவுரு, எந்த ஊருன்னு. தேவையா நமக்கு?"

அவர் மிரட்டவில்லை அக்கா. உண்மையிலேயே எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். மதினி காபி கொண்டு வந்தார். அவர்கள் குடிக்கிற அதே எவர்சில்வர் டம்ளர்.

நாளைக்குத் துணி ஊறப்போட வேண்டும். அரிசி தீர்ந்துவிட்டது.

ஜூலை 11, வியாழன்

நான் எந்தப் பொய்யும் சொல்லப் போவதில்லை. பேசாமல் உட்கார்ந்துவிட்டு வரப் போகிறேன். ஹெலன் டீச்சர் பெரிய அதிகாரி, அவருக்குச் சங்கம் இருக்கிறது, மாற்றினால் சொந்த ஊர்ப் பக்கம் போய் நிம்மதியாக இருப்பார். இவரும் அதைத்தான் சொன்னார். இல்லை, நான் சொன்னேன், இவர் மறுக்கவில்லை.

இன்று இன்னொன்று நடந்தது. பள்ளி விட்டதும் சுடரைக் காணோம். வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் கேட்டேன், தெரியாது என்றார். மைதானம், சைக்கிள் ஸ்டாண்ட், பஜார் எல்லாம் ஓடினேன். செருப்பு அறுந்ததே தெரியவில்லை. கடைசியில் பாலத்தின் மேல் எதிரே நடந்து வந்தாள், எதுவும் நடக்காதது போல.

"மாரிக்கனி வீட்டுக்குப் போயிருந்தேன். நோட்ஸ் கொடுக்கணும்ல?"

நடுப்பாலத்தில் வைத்து அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். உனக்குத் தெரியும், நான் அவளை அடிக்கிறவள் இல்லை.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "அவங்க அம்மா எனக்குச் சோறு போட்டாங்க. முதல்ல தட்டு கொடுக்கவே பயந்தாங்கம்மா. நீ அந்தத் தெருப் புள்ளையாச்சே, உங்க வீட்டுல ஏசுவாங்களேன்னாங்க" என்றாள். பிறகு, "நான் என்னம்மா பதில் சொல்றது?" என்றாள்.

"என்ன சொன்ன?"

"பசிக்குதுன்னு சொன்னேன்."

அவள் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வாசலில் மதினி பூ கட்டிக்கொண்டிருந்தார். எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டார். செருப்பு தைக்க என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பள்ளி ஹாலில் கூட்டம். தாசில்தார், இன்ஸ்பெக்டர், ஆசிரியர்கள், பெற்றோர். இந்தத் தெருக்காரர்கள் நாற்காலிகளில் நிறைந்திருந்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். அவர்கள் பக்கம் நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. மாரிக்கனியின் அம்மாவும் அங்கே நின்றார். பகவதி மதினி எனக்குத் தன் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தார். உட்கார்ந்தேன்.

தாசில்தார் கேட்டார், "இந்த ரிப்பன் விஷயத்துக்கு யார் பொறுப்பு?"

ஹெலன் டீச்சர் எழுந்தார். "நான்தான் சார். பள்ளிக்கூடத்துக்குள்ள வந்த பொருளுக்கு நான்தான் பொறுப்பு."

யார் வாங்கியது என்று அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தப்பித்தேன் அக்கா. அந்த ஒரு நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா, காய்ச்சல் விட்டது போல. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பின்னாலிருந்து ஒருவர், "வேணும்னே செஞ்சிருக்கா சார். சர்ச்சுக்குப் போறவளுக்கு நம்ம சாமி கொடியப் பத்தி என்ன அக்கற? எல்லாரையும் ஒண்ணாக்குதேன்னு வந்து ஊர ரெண்டாக்கிட்டா" என்று கத்தினார். கை தட்டினார்கள். மதினியும் தட்டினார். "தாமரை, சொல்லுங்க இப்ப" என்று அண்ணாச்சி கண்ணைக் காட்டினார்.

எழுந்தேன். பேசாமல் இருப்பதற்காகப் போனவள்தான் எழுந்தேன்.

"ரிப்பன் வாங்கினது நான். அஞ்சு கலர் வேணும்னுதான் டீச்சர் சொன்னாங்க. எந்தக் கலர்னு சொல்லல. கடையில இருந்தத நான் எடுத்துட்டு வந்தேன். எனக்கு இந்த ஊர்க் கலர் எதுவும் தெரியாது. டீச்சர் மேல தப்பில்ல."

அண்ணாச்சி உடனே எழுந்தார். அவருக்குக் கோபம்தான், ஆனாலும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "சார், இது நம்ம புள்ளதான். வெளியூரு. வெவரம் தெரியாது."

கத்தியவர் விடவில்லை. "நம்ம புள்ளயா? நம்ம புள்ள அவளுக்குப் பரிஞ்சு பேசுமா? ஏம்மா, ஒங்க ஊர்ல ஒங்க வீடு எந்தத் தெரு?"

ஊர்ப் பெயரில் யாருக்கும் எதுவும் தெரியாது. தெருப் பெயரைச் சொன்னால் போதும், தமிழ்நாட்டில் எந்த மூலையில் இருப்பவருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். கேட்டவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் "அதெல்லாம் எதுக்கு, உக்காருங்க" என்றார். நான் உட்கார்ந்திருக்கலாம்.

நம் தெருவின் பெயரைச் சொன்னேன்.

என் தோளை உரசிக்கொண்டிருந்த மதினியின் தோள் விலகியது. வேறொன்றும் செய்யவில்லை, சேலையை இழுத்து மடியில் சேர்த்துக்கொண்டார். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. ஏமாந்த மனிதனுடைய முகம்.

சுவரோரம் நின்றிருந்த மாரிக்கனியின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் டீச்சர்தான் பேசினார். "குழு இருக்கும் சார். ரிப்பன் இருக்காது. மரத்தோட பேரு மட்டும் போதும்." தாசில்தார் எதையோ எழுதிக்கொண்டார். டீச்சரை இப்போதைக்கு மாற்றவில்லை.

ஜூலை 13, சனி

காலையில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் போடுகிற சுவிட்ச் அவர்கள் பக்கம் இருக்கிறது. தெருக்குழாயில் பிடிக்கப் போனேன். வரிசையில் நின்றவர்கள் தங்கள் குடங்களை ஓரமாக நகர்த்தி எனக்கு வழி விட்டார்கள். மரியாதை என்று நினைத்துக்கொள்ளலாம். குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போது முதுகெல்லாம் கண் முளைத்தது போலிருந்தது.

மதினியிடம் என் டிபன் பாக்ஸ் ஒன்று இருந்தது. வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திறந்து பார்த்தேன், காலி. அவர் இதுவரை ஒரு பாத்திரத்தையும் வெறுமனே திருப்பியதில்லை. நாலு வாழைப்பழமாவது இருக்கும்.

அண்ணாச்சி இவரிடம்தான் பேசினார். "தம்பி, எனக்கு ஒங்க மேல பகை கிடையாது. ஆனா முதல்லயே சொல்லிருக்கலாம்லா? மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கிடுங்க." இவர் சரி என்றார். உள்ளே வந்து, "மறுபடி வீடு பாக்கணும், அவ்வளவுதானே" என்றார், கரண்ட் போனால் வந்துவிடும் என்பது போல. பிறகு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இன்று பள்ளியில் குழுத் தலைவர்களையும் சீட்டுக் குலுக்கியே எடுத்திருக்கிறார்கள். புன்னைக் குழுவுக்குச் சுடர். திங்கட்கிழமை பிரேயரில் எல்லார் முன்னாலும் நின்று, தன் குழுவிலுள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்த வேண்டும். மத்தியானம் அவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மாரிக்கனி வேறு குழு. புன்னையில் இருப்பது சரவணன்.

அவள் பெயர் வாசிப்பதை ஒத்திகை பார்க்கிறாள் அக்கா. சட்டி கழுவும்போது கேட்டது. சரவணன் பெயரை மற்றப் பெயர்களைப் போலவே சொல்கிறாள்.

சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் சரவணன் நின்றான். உதட்டில் இன்னும் வீக்கம். "ஏட்டி, திங்கக்கிழம நீதான் லீடராமே? எங்கள நீயா கூப்பிடுவ?" என்றான்.

"ஆமா. வருவியா?" என்றாள் இவள்.

அவன் உள்ளே போய்விட்டான். நான் ஈரத் துணியோடு அப்படியே நின்றேன். அவன் மிரட்டினானா, சும்மா கேட்டானா, எனக்குத் தெரியவில்லை. "சும்மாதாம்மா கேட்டான்" என்கிறாள் சுடர். அருளின் கையை முறித்தவர்கள் அவனுடைய சித்தப்பா பெரியப்பா மக்கள்தான் என்பது அவளுக்கும் தெரியும்.

டீச்சருக்குப் போன் செய்தேன். "வாசல்ல போலீஸ் இருக்கும். நான் பக்கத்துலயே நிப்பேன். ஆனா முடிவு உங்களோடது தாமரை. அனுப்பலன்னாலும் தப்பா நினைக்க மாட்டேன்" என்றார். இவரைக் கேட்டால், "நீ சொல்றதுதான்" என்கிறார். சுடரைக் கேட்டால் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருப்பதைக் காட்டுகிறாள்.

ஞாயிறு ராத்திரி ஈரோடு பஸ்ஸில் இரண்டு சீட் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அவளை உன்னிடம் கொண்டுவந்து விட்டுவிடலாம். அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிடலாம். அவள் என்னை மன்னிக்க மாட்டாள், உயிரோடு இருப்பாள். அல்லது திங்கள் காலை தலையைப் பின்னிவிட்டு அனுப்பலாம். நீ சொன்னால் அதன்படி செய்கிறேன்.

பக்கங்களை இப்போதே அனுப்புகிறேன். டியூட்டி முடிந்ததும் தூங்கிவிடாதே அக்கா. முதலில் இதைப் படித்துவிட்டு, சுடரைத் திங்கட்கிழமை அனுப்பவா வேண்டாமா என்று சீக்கிரம் பதில் எழுது.

தாமரை